தூத்துக்குடி துறைமுகம் பக்கம் மாசி, பங்குனில பறவை பாக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலோட பறவை சீசன் முடிஞ்சிடுதே, பங்குனி வெயில்ல போய் என்ன பாக்க?

முடியவே இல்லங்க. என்னைக் கேட்டா மாசி நடுவுல இருந்து சித்திரை முதல் வாரம் வரைக்கும்தான் நம்ம கடற்கரைல நல்ல நேரம். டிசம்பர், ஜனவரில எண்ணிக்கை அதிகமா இருக்கலாம், ஆனா அப்ப உப்பளத்துல நிக்கிற உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி சின்னக் கரையோரப் பறவைங்க எல்லாமே சாம்பலும் வெள்ளையுமா மங்கலா இருக்கும், பத்து இனத்தை வரிசையா நிறுத்தினாலும் புதுசா பாக்கறவங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியும். பங்குனில அதே பறவைங்க இனப்பெருக்கத்துக்கான இறகு போட ஆரம்பிச்சிடும். வளைமூக்கு உள்ளானுக்கு கழுத்துல இருந்து வயிறு வரைக்கும் செங்கல் நிறம் ஏறும், மணல் உப்புக்கொத்திக்கு நெஞ்சுல ஆரஞ்சு பட்டை வரும், சாம்பல் உப்புக்கொத்திக்கு வயிறே கறுப்பாகும், பழுப்புத்தலை கடற்காகத்துக்கு (காக்கா இல்ல, இங்கிலீஷ்ல gull) அந்த பழுப்புத் தலை வர்றதும் இந்த நேரத்துலதான்.

இன்னொரு விஷயம், அதுங்க கிளம்பப் போகுது. சைபீரியா, திபெத், மத்திய ஆசியா ஏரிகள்னு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கணும். அதுக்கு கொழுப்புதான் எரிபொருள், அதனால வெறி பிடிச்ச மாதிரி தின்னும். சில உள்ளான் இனங்க கிளம்பறதுக்கு முன்னால எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகிடும். ஜனவரில சும்மா ஒத்தைக் கால்ல தூங்கிட்டு இருந்த கூட்டம் பங்குனில தலையைத் தூக்காம கொத்திட்டே இருக்கும். இந்த விஷயம் தெரிஞ்சுகிட்டு பாத்தா, பாக்கற விதமே மாறிடும், எவ்வளவு தூரத்துல நிக்கணும்ங்கறதும் தானா புரிஞ்சிடும் (அதைப் பத்தி கீழ தனியா எழுதியிருக்கேன், தயவுசெஞ்சு அதைப் படிக்காம போகாதீங்க).

ஏன் தூத்துக்குடி? கோடியக்கரைதானே பேர் போன இடம்?

கோடியக்கரை பெரிய இடம்தான், அதுல சந்தேகமே இல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்க பல வருஷமா பறவைக்கு வளையம் போட்டு ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க, 2002ல ராம்சார் தளமாவும் (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம்) ஆச்சு. ஆனா தூத்துக்குடில ஒரு பெரிய துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், ஊரைச் சுத்தி உப்பளம், தெக்கால தாமிரபரணி கடல்ல சேர்ற முகத்துவாரம், எதுக்க மன்னார் வளைகுடா தீவுகள் எல்லாமே ஒரு மணி நேர பைக் தூரத்துக்குள்ள இருக்கு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற 21 தீவுகளைச் சேர்த்து 1986ல கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினாங்க, 2022ல மன்னார் வளைகுடாவுக்கு ராம்சார் அந்தஸ்தும் கிடைச்சுது. பஸ், ரயில், டீக்கடை எல்லாம் பக்கத்துலயே இருக்கற ஊர்ல இப்படி ஒரு இடம் அமையறது சாதாரண விஷயம் இல்ல. தூத்துக்குடிக்காரங்களே பாதிப் பேருக்கு இது தெரியாதுங்கறதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கும்.

சரி, எங்க போய் நிக்கணும்?

முதல் தடவை வர்றவங்களுக்கு நான் சொல்றது உப்பளம்தான். துறைமுகத்துக்குப் போற ரோட்டுலயும் திருச்செந்தூர் ரோட்டுல முள்ளக்காடு பக்கமும் ரோட்டு ஓரத்துல இருந்தே பாத்தி பாத்தியா தெரியும், வண்டியை ஓரங்கட்டிட்டு பாக்கலாம். ஆனா எந்தப் பாத்தியைப் பாக்கணும்னு தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா வெள்ளை வெளேர்னு உப்பைப் பாத்துட்டு கண்ணு கூசி திரும்பி வந்துடுவீங்க. கடல் தண்ணியோ நிலத்தடி உப்புத் தண்ணியோ முதல்ல பெரிய தேக்கத்துல நிக்கும், அப்புறம் ஒவ்வொரு பாத்தியா மாறி மாறி வெயில்ல சுண்டி கடைசிப் பாத்தில உப்பா உறையும். முதல் தேக்கத்துல உப்பு கம்மி, சின்ன மீன் இருக்கும், அங்க கொக்கு, நாரை, ஆலா (இங்கிலீஷ்ல tern) நிக்கும். நடுப்பாத்திகள்ல மீன் பொழைக்காது, ஆனா உப்பு தாங்கற குட்டி இறாலும் ஈ, பூச்சியோட புழுவும் பெருகிக் கிடக்கும், பூநாரையும் உள்ளான் கூட்டமும் அங்கதான். உப்பு உறையற பாத்தில தின்ன ஒண்ணும் இல்ல, அதைப் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க. மழைத் தண்ணி வடிஞ்சு ஜனவரிக்கு அப்புறம் உப்பு வேலை சூடு பிடிக்கறதால, மாசி பங்குனில இந்த மூணு நிலையும் பக்கத்து பக்கத்துலயே பாக்கக் கிடைக்கும்.

அடுத்தது மீன்பிடித் துறைமுகம், பீச் ரோடு பக்கம். சாயங்காலம் விசைப்படகு கரை திரும்பற நேரத்துக்கு போனீங்கன்னா கழிவு மீனுக்காக கடற்காகமும் செம்பருந்தும் தலைக்கு மேலயே சுத்தும். திரேஸ்புரம் நாட்டுப் படகு நிக்கிற இடமும் நல்லா இருக்கும். அங்க உள்ளவங்க வேலை நேரம் அது, வலை உலர்த்தற இடத்துல மிதிச்சுட்டு நிக்கக் கூடாது, ஏலம் நடக்கும்போது நடுவுல போய் கேமராவை நீட்டக் கூடாது.

நேரம் இருந்தா தெக்க பழையகாயல், புன்னைக்காயல் போங்க. தாமிரபரணி கடல்ல கலக்கற இடம், சேத்து நிலமும் அலையாத்திச் செடியும் இருக்கறதால கோட்டான் (ஆந்தை இல்ல, நீண்டு வளைஞ்ச அலகு உள்ள கரையோரப் பறவை), பவளக்காலி, பச்சைக்காலி எல்லாம் நல்லா தெரியும். விரால் அடிப்பான்ங்கற மீன் பிடிக்கற பருந்து கம்பத்து மேல உக்காந்து மீனைக் கிழிச்சுத் தின்னுட்டு இருக்கறதையும் பாக்கலாம். வடக்க தருவைக்குளம், வேம்பார் வரைக்கும் கடற்கரை ரோட்டுல போறதும் நல்ல வழிதான், கூட்டம் கம்மி.

பெரிய துறைமுகத்துக்குள்ள போக முடியுமா?

அனுமதி இல்லாம முடியாது. மத்திய தொழில் பாதுகாப்புப் படை காவல் இருக்கற இடம். கேட் பக்கம், கப்பல் பக்கம் டெலிலென்ஸ் தூக்கினா கேள்வி கேப்பாங்க, அது அவங்க வேலை. துறைமுகத்துக்குப் பக்கத்துல பொதுமக்கள் போற பீச் இருக்கு, அங்க இருந்து பாத்தாலே போதும். முயல் தீவும் துறைமுகத்துப் பொறுப்புல இருக்கற இடம், போறதுக்கு முன்னால விசாரிச்சுக்கோங்க. ட்ரோன் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

காலைலயா சாயங்காலமா? எத்தனை மணிக்கு?

இதுல ரெண்டு கணக்கு இருக்கு, வெயில் ஒண்ணு, தண்ணி ஒண்ணு.

நம்ம கரை கிழக்க பாத்தது. காலைல கடலைப் பாத்து நின்னா சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், பறவை எல்லாம் கறுப்பு நிழலாத்தான் தெரியும். அதனால காலைல உப்பளம், சாயங்காலம் கடல். காலைல உப்பளத்துக்கு கிழக்கு ஓரத்துல நின்னு மேக்க பாத்தீங்கன்னா வெளிச்சம் உங்க முதுகுல விழும், ஒவ்வொரு இறகும் தெளிவா தெரியும். விடியும்போதே போயிடணும், ஏன்னா பங்குனில ஒன்பது மணிக்கு மேல பாத்தி மேல கானல் ஆட ஆரம்பிச்சிடும், எவ்வளவு விலை குடுத்து வாங்கின லென்ஸா இருந்தாலும் அதுக்கு மேல படம் தெளிவா வராது.

தண்ணி கணக்கைப் பொறுத்தவரை, இங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் கூட இல்ல. குஜராத் பக்கம் மாதிரி கிலோமீட்டர் கணக்குல கடல் உள்வாங்காது. ஆனா கரை ரொம்ப தட்டையா இருக்கற இடத்துல அந்தக் கொஞ்ச வத்தமே நிறைய சேத்தைத் திறந்து விட்டுடும், பறவை எல்லாம் அங்க இறங்கி மேயும். தண்ணி ஏறினதும் சேறு மூடிடும், உடனே கூட்டம் கூட்டமா உப்பளத்து வரப்புக்கு வந்து ஓய்வெடுக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல இந்த மாற்றம் நல்லா தெரியும். காலைல ஏத்தம் இருக்கற நாளா பாத்து உப்பளத்துக்குப் போனா ஒரே இடத்துல நின்னுகிட்டே பல இனத்தைப் பாத்துடலாம். ஏத்த நேரம் போன்லயே கிடைக்குது, அதை விட கடலுக்குப் போற அண்ணாச்சி யார்கிட்டயாவது கேட்டா காத்து எந்தப் பக்கம்னும் சேர்த்து சொல்லுவாங்க. இங்க ஏத்தம் கம்மிங்கறதால காத்தும் தண்ணியைத் தள்ளும்.

உள்ளான் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எப்படித்தான் பிரிச்சு சொல்றீங்க?

நிறத்தை முதல்ல பாக்காதீங்க. பங்குனில நிறம் பாதி மாறி பாதி மாறாம இருக்கும், ஒரே கூட்டத்துல ஒண்ணு சாம்பலா நிக்கும், பக்கத்துல ஒண்ணு செங்கல் நிறத்துல நிக்கும், ரெண்டும் ஒரே இனமா இருக்கும். முதல்ல எப்படி திங்குதுன்னு பாருங்க. நாலு அடி ஓடி, சட்டுனு நின்னு, ஒரு கொத்து கொத்தி, திரும்ப ஓடினா உப்புக்கொத்தி. அது கண்ணால பாத்து இரை பிடிக்கற ஜாதி, கண்ணு பெருசா இருக்கும், அலகு குட்டை. நிக்காம நடந்துகிட்டே அலகை சேத்துக்குள்ள விட்டு விட்டு எடுத்தா உள்ளான். கல்லு, பாசி, சிப்பியை அலகால புரட்டிப் புரட்டிப் பாத்தா அது கல்திருப்பி, அதை வேற எதோடயும் குழப்பிக்க முடியாது, அலை தடுக்கற பாறாங்கல் மேல தேடுங்க.

அடுத்தது அலகு. ரொம்பச் சின்ன உருவம், குட்டை அலகு, பரபரன்னு ஓடினா கொசு உள்ளான். எடை முப்பது கிராம் கூட வராது, அதுதான் வடதுருவம் பக்கம் வரைக்கும் போய் முட்டை போட்டுட்டு திரும்ப வருது. அதை விட கொஞ்சம் பெருசு, அலகு நுனி கீழ வளைஞ்சிருந்தா வளைமூக்கு உள்ளான், இது சைபீரியாவோட வட கோடில கூடு கட்டறது. நீண்ட அலகு நேரா, லேசா மேல தூக்கின மாதிரி இருந்தா பட்டைவால் மூக்கன். பெரிய உடம்பு, அலகு ரொம்ப நீளமா கீழ வளைஞ்சிருந்தா கோட்டான், அதுலயே கொஞ்சம் சின்னதா, தலைல கோடு போட்டிருந்தா அது இன்னொரு கோட்டான் வகை.

பட்டைவால் மூக்கன் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 2022ல அலாஸ்காவுல இருந்து கிளம்பின ஒரு இளம் பறவை எங்கயும் இறங்காம பதினோரு நாள் பறந்து டாஸ்மேனியா போய்ச் சேர்ந்துச்சு, 13,560 கிலோமீட்டர். முதுகுல ஒட்டின குட்டிக் கருவியால பதிவாச்சு. நம்ம ஊருக்கு வர்றது வேற கூட்டம், வேற வழி. ஆனா அதே இனம், அதே உடம்பு. முள்ளக்காட்டுல அது சேத்தைக் குத்திட்டு நிக்கறதைப் பாக்கும்போது எனக்கு இது ஞாபகம் வராம இருந்ததே இல்ல.

கடற்காகம், ஆலா ரெண்டும் வெள்ளையாத்தானே இருக்கு?

ஆலா மெல்லிசு, றெக்கை நீளமா கூரா இருக்கும், அலகு கூர்மை, மேல நின்னு தலைகீழா தண்ணில பாயும். கடற்காகம் கொஞ்சம் தடிமன், தண்ணி மேல உக்காந்து மிதக்கும், கழிவைத் திங்கும்.

கடற்காகத்துல இங்க அதிகம் பாக்கறது பழுப்புத்தலை. கண்ணு வெளிர் நிறம், றெக்கை நுனி கறுப்பு, அந்தக் கறுப்புக்குள்ள வெள்ளைத் திட்டு இருக்கும். லடாக், திபெத் ஏரிகள்ல கூடு கட்டறவங்க இவங்க. மெலிஞ்ச அலகு கடற்காகமும் வரும், அதுக்கு எந்த மாசமும் தலை கறுக்காது, அதனால மத்ததுக்கெல்லாம் தலை மாறின பங்குனில அதைத் தனியா எடுக்கறது சுலபம். பெரிய கருந்தலை கடற்காகம் கூட்டத்துல இருந்தா யாரும் சொல்லாமலே தெரியும், மத்ததுக்கு நடுவுல உருவத்துல அவ்வளவு பெருசு, மாசிலயே தலை நல்லா கறுத்திருக்கும்.

ஆலாவுல அலகு நிறம் பாருங்க. எல்லாத்துலயும் பெருசா, கேரட் மாட்டி விட்ட மாதிரி தடிச்ச சிவப்பு அலகு இருந்தா காஸ்பியன் ஆலா. வெளிர் மஞ்சள் அலகு, பின்னால கலைஞ்ச கொண்டை இருந்தா பெரிய கொண்டை ஆலா. அதே சாயல்ல ஆரஞ்சு அலகு இருந்தா சின்ன கொண்டை ஆலா. தடிச்ச கறுப்பு அலகு, உப்பளத்து மேல தாழப் பறந்து நண்டும் பூச்சியும் பொறுக்கினா பருத்த அலகு ஆலா. மீசை ஆலாவுக்கு சித்திரை நெருங்க நெருங்க வயிறு கருஞ்சாம்பலா ஆகும், குளிர்காலத்துல பாத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

பூநாரை கட்டாயம் பாக்கலாமா?

கட்டாயம்னு யாரும் சொல்ல முடியாது. மழை எப்படி, எந்தப் பாத்தில எவ்வளவு தண்ணி நிக்குதுங்கறதைப் பொறுத்து கூட்டம் இடம் மாறிட்டே இருக்கும். உப்பளத்துல வேலை பாக்கற அக்காமார்கிட்ட கேளுங்க, விடியறதுக்கு முன்னாலயே வேலைக்கு வந்துடறவங்க, எந்தப் பக்கம் இறங்குச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அதோட இளஞ்சிவப்பு நிறம் அது திங்கற உப்பு இறால்லயும் பாசிலயும் இருக்கற நிறமியால வர்றது. சாம்பலா, அழுக்கா நிக்கறதெல்லாம் குஞ்சா இருந்து வளர்ந்துட்டு வர்றது, நிறம் ஏற சில வருஷம் ஆகும்.

நண்டுண்ணி எங்க கிடைக்கும்?

கறுப்பு வெள்ளை உடம்பு, தடிச்ச கறுப்பு அலகு, நீண்ட கால். தீவுகள் பக்கமும் மணல் திட்டுலயும்தான் பெரும்பாலும். கரையோரப் பறவைங்கள்ல மணல்ல வளை தோண்டி அதுக்குள்ள முட்டை போடற ஒரே இனம் இதுதான். தீவுல வனத்துறை அனுமதி இல்லாம இறங்கக் கூடாது, படகுக்காரங்களை வற்புறுத்தி கூட்டிட்டுப் போகச் சொல்லாதீங்க, மாட்டினா அவங்க பொழப்பு போகும். கரைல இருந்தே பொறுமையா பாருங்க, கிடைக்கற அன்னைக்கு கிடைக்கும்.

எந்த பைனாகுலர் வாங்க?

8x42 போதும் (8ங்கறது எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கறது, 42 முன் லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல). 10 மடங்குக்கு மேல போனா காத்துல கை நடுங்கும். உப்பளத்துல தூரம் அதிகங்கறதால ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கினா நல்லது. உப்புக்காத்து லென்ஸைக் கெடுக்கும், வீட்டுக்கு வந்ததும் முதல்ல ஊதி தூசியை எடுத்துட்டு அப்புறம் ஈரத்துணில துடைங்க. தொப்பி, தண்ணி, கூலிங் கிளாஸ் கட்டாயம், உப்புல பட்டுத் திரும்பற வெளிச்சம் கண்ணை எரிச்சிடும்.

எவ்வளவு கிட்ட போகலாம்? நல்ல போட்டோ வேணும்னா கொஞ்சம் போய்த்தானே ஆகணும்?

இந்தக் கேள்விக்காகத்தான் மத்ததெல்லாம் எழுதறேன்னு கூட சொல்லலாம். மீட்டர் கணக்கு சொல்ல முடியாது, பறவையே சொல்லும். மேஞ்சுட்டு இருந்தது தலையைத் தூக்கி உங்களைப் பாத்துச்சுன்னா அதுதான் எல்லை. அதுக்கு மேல ஒரு அடி வெச்சா நடக்க ஆரம்பிக்கும், அப்புறம் ஒண்ணு கத்தும், அப்புறம் மொத்தக் கூட்டமும் எழும்பிடும். கூட்டமா எழும்பறது பாக்க அழகாத்தான் இருக்கு, வீடியோ எடுத்தா நல்லா ஓடும், ஆனா ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அது வாரக்கணக்கா சேர்த்த கொழுப்புல கொஞ்சம் எரியுது, திங்கற நேரமும் போகுது. கடல் ஏறி சேறு மூடியிருக்கற நேரத்துல எழுப்பினா அதுக்கு இறங்க வேற இடம் கூட இருக்காது. வடக்க போய்ச் சேரணும்னா குறிச்ச நேரத்துல குறிச்ச எடையோட கிளம்பியாகணும், அங்க கோடை ரொம்பக் குறுகினது, தாமதமா போனா கூடு கட்டி குஞ்சு வளக்க நேரம் பத்தாது. 2024ல வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் உலக அளவுல அழியற ஆபத்துல உள்ள இனங்கள் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. நம்ம உப்பளத்துல சர்வசாதாரணமா நிக்குதுங்கறதால நிறைய இருக்குன்னு நினைச்சுடக் கூடாது.

நடந்து போறதை விட வண்டிக்குள்ள உக்காந்து கண்ணாடியை இறக்கிட்டுப் பாருங்க, பறவை வண்டியை அவ்வளவா கண்டுக்காது. இல்ல, ஒரே இடத்துல உக்காந்துடுங்க. அரை மணி அசையாம இருந்தா அதுங்களே கிட்ட வரும், நீங்க துரத்தி எடுக்கறதை விட நல்ல போட்டோ அப்பதான் கிடைக்கும். நாயைக் கூட்டிட்டு வராதீங்க. கல்லை எறிஞ்சு பறக்க விடறவங்களைப் பாத்தா சண்டை போடாம, ஆனா விடாம, எடுத்துச் சொல்லுங்க.

உப்பளத்து வரப்புல நடக்கலாமா?

கேட்டுட்டு நடங்க. அது ஒருத்தரோட தொழில் நடக்கற நிலம். களிமண்ணை மிதிச்சு மிதிச்சு கட்டின வரப்பு அது, ஓரம் சரிஞ்சா தண்ணி கலந்து உப்பு கெட்டுடும். கணக்கப்பிள்ளை இருப்பார், "அண்ணாச்சி, பறவை பாக்க வந்தோம், இந்த வரப்புல போகலாமா"ன்னு கேட்டா பெரும்பாலும் விடுவாங்க. வேகாத வெயில்ல வேலை செய்யறவங்களை அவங்க சம்மதம் இல்லாம படம் எடுக்காதீங்க.

சித்திரை பாதிக்கு அப்புறம் வந்தா ஒண்ணும் இருக்காதா?

இருக்கும், ஆனா கதை மாறிடும். ஏப்ரல் முடியறதுக்குள்ள வலசை வந்ததுல பெரும்பகுதி கிளம்பிடும். முதல் வயசுல இருக்கற இளம் பறவைங்க சிலது இந்த வருஷம் போகாம சாம்பல் நிறத்துலயே இங்கயே தங்கிடும், கோட்டான், மணல் உப்புக்கொத்தி இதுலெல்லாம் அப்படிப் பாக்கலாம், அதை அடிபட்டதுன்னு நினைச்சு பிடிக்கப் போகாதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரைல மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அதனால மீன்பிடித் துறைமுகத்துல அந்த ஆரவாரம் இருக்காது.

ஆனா உள்ளூர்ப் பறவைங்க கூடு கட்டற காலம் அது. நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா, அப்புறம் அனுமன் உப்புக்கொத்தி. இந்தக் கடைசிப் பறவை இலங்கையிலயும் தென்னிந்தியக் கரையிலயும் மட்டும் கூடு கட்டறது, ரொம்ப நாள் வேற ஒரு இனத்தோட சேர்த்துப் பாத்துட்டு 2023ல தனி இனம்னு பிரிச்சாங்க. இதுங்க எல்லாம் வெறும் தரையில, வரப்பு ஓரத்துல முட்டை போடும், முட்டை மண்ணு நிறத்துலயே இருக்கும், கால் வெச்சப்புறம்தான் தெரியும். பறவை உங்க முன்னால றெக்கை ஒடிஞ்ச மாதிரி இழுத்துட்டு ஓடினா பக்கத்துலயே கூடு இருக்குன்னு அர்த்தம், வந்த வழியில அப்படியே பின்வாங்குங்க. தாய் ரொம்ப நேரம் எழும்பி இருந்தா அந்த வெயில்ல முட்டை கெட்டுடலாம். சித்திரை, வைகாசில நான் வரப்புல இறங்கறதே இல்ல, ரோட்டுல இருந்து மட்டும்தான்.

கால்ல கலர் வளையம், கொடி மாதிரி ஒண்ணு இருந்தா?

பொக்கிஷம் அது. எந்தக் கால், மூட்டுக்கு மேலயா கீழயா, என்ன நிறம், எழுத்து இருந்தா என்ன எழுத்துன்னு குறிச்சுக்கோங்க. மங்கலா இருந்தாலும் ஒரு படம் எடுங்க. எழுத்து சரியா தெரியலன்னா ஊகிச்சு எழுதாதீங்க. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினா எங்க போட்ட வளையம்னு தேடிச் சொல்லுவாங்க.

பாத்ததை எங்க பதிவு பண்றது?

ஈபேர்ட்ங்கற (eBird) பறவைப் பதிவுத் தளத்துல போடுங்க, போன்லயே ஆப் இருக்கு, இலவசம். மார்ச், ஏப்ரல் பதிவு எவ்வளவு வந்தாலும் நல்லது, ஏன்னா பொங்கல் கணக்கெடுப்பு, பிப்ரவரி கணக்கெடுப்பு சமயத்துல வர்றவங்க அதுக்கப்புறம் வர்றது குறைஞ்சிடுது. எந்த இனம் என்னைக்குக் கிளம்புச்சுங்கறது நீங்க பங்குனிலயும் சித்திரையிலயும் போடற பட்டியல்ல இருந்துதான் தெரிய வரும். "இன்னைக்கு ஒரு கடற்காகம் கூட இல்ல"ங்கறதும் ஒரு தகவல்தான், அதனால பாத்த எல்லா இனத்தையும் எழுதி முழுப் பட்டியல்னு குறிங்க. எண்ண முடியாத கூட்டமா இருந்தா பத்தை எண்ணி அது எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு மனசுல வெச்சுகிட்டு மொத்தத்தையும் அந்த அளவுல அளங்க. கூடு இருக்கற இடத்தை மட்டும் எங்கயும் பொதுவுல போடாதீங்க, லொக்கேஷனோட படமும் வேண்டாம்.